மான் துப்பாக்கிக்குக் கண்ணாடி கேட்ட மகனுக்கு

தம்பி, அமெரிக்காவிலிருந்து நீ அனுப்பிய படமும் அதன் கீழே கேட்டிருந்த கேள்வியும் வந்து சேர்ந்தன. "அம்மா, துப்பாக்கி மேல மாட்டிக் குறி பாக்குற ஸ்கோப் வாங்கணும். ரெண்டுல எதுன்னு சொல்லுங்க. லென்ஸ் விஷயம் உங்களுக்குத்தான் தெரியும்" என்று எழுதியிருந்தாய். கடையில் ஆள் இருந்த நேரம். ஒருவரின் கண்ணாடிக் காலை வளைத்துக்கொண்டிருந்தவள் அதை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்தேன். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் இத்தனை வருஷமாகக் கண்ணாடிக்கடை நடத்துகிறேன். வெள்ளெழுத்து வந்த வாத்தியார், வெல்டிங் பட்டறைக்காரர், வலை பின்னுகிறவர், வீட்டுப்பாடம் எழுதாமலிருக்கத் தலைவலி என்று பொய் சொல்லும் பிள்ளைகள், எல்லாரையும் பார்த்தாயிற்று. துப்பாக்கிக்குக் கண்ணாடி கேட்டு வந்த முதல் ஆள் நீதான். உன் அப்பாவிடம் போனைக் காட்டினேன். "மான் சுடப் போறானாக்கும்! நம்ம ஊர்ல மான் மேல வண்டி மோதுனாலே ஃபாரஸ்ட்காரன் வந்து நிப்பான். தொரை பெரிய ஆளாயிட்டாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கறி கொண்டுவர விடுவாகளான்னு கேளு" என்றார். கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டேன். அவருக்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

உன் கேள்விக்குப் பதில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தப் படம்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுட்டுப் பழகுகிற மைதானம் போலிருக்கிறது. எமிலியின் அப்பா, என் வருங்காலச் சம்பந்தி, கட்டம் போட்ட சட்டையில் உன் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். அவருடைய துப்பாக்கியை நீ வலது தோளில் வைத்திருக்கிறாய். எல்லாம் சரிதான். ஆனால் உன் கழுத்தைப் பார்த்தேன் தம்பி. துப்பாக்கிக் கட்டை மேல் கன்னம் முழுவதையும் படுக்கப் போட்டு, தலையை வலப்பக்கம் சாய்த்து, இடது கண்ணை எப்படியோ அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். சின்ன வயதில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் இப்படித்தான் கழுத்தைச் சாய்ப்பாய். "சுளுக்கிக்கிரும், நேரா உக்காரு" என்று நான் கத்துவேன். அந்தக் கழுத்தை எனக்குத் தெரியாதா? உன் பக்கத்தில் நின்று சிரிக்கிற மனிதருக்குத்தான் தெரியாது. உன் வலது கண் மங்கல் என்று நீ அவரிடம் சொல்லவில்லை. போன வாரம் பேசும்போது, "எமிலிக்காவது தெரியுமாப்பா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப" என்று சொல்லிவிட்டு, கல்யாணப் புடவை என்ன கலர் என்று பேச்சை மாற்றினாய். எனக்குப் புடவையில் ஆசை என்று தெரிந்து வைத்திருக்கிறாய். அன்றைக்கு ஏமாந்தேன், இன்றைக்கு ஏமாற மாட்டேன்.

இன்னும் கொஞ்ச நாளில் அங்கே வேட்டைப் பருவம் ஆரம்பித்துவிடும் என்றாய். வருஷா வருஷம் அப்பனும் பிள்ளைகளுமாக அவர்கள் காட்டுக்குப் போவார்கள், இந்த வருஷம் உன்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள், வீட்டு மாப்பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம் என்று எமிலி சொன்னாள் என்றாய். சந்தோஷம். நம் பக்கம் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவதில்லையா, அங்கே துப்பாக்கியைக் கையில் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் காட்டில் முன்னாலும் பின்னாலும் ஆள் நடக்கும். அதில் ஒருவர் எமிலியின் அப்பா. நீ மறைத்து வைத்திருக்கிற கண்ணோடு, குண்டு போட்ட துப்பாக்கியோடு அவர் பின்னால் நடக்கக் கூடாது. போவதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிடு. இதுதான் விஷயம். ஸ்கோப் எது என்பதையும் சொல்லத்தான் போகிறேன், பயப்படாதே. ஆனால் அம்மா சொல்கிற வரிசையில்தான் கேட்க வேண்டும்.

நீ அனுப்பிய இரண்டில் ஒன்று ஆறு மடங்கிலிருந்து இருபத்து நாலு மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுவது. இன்னொன்று மூன்றிலிருந்து ஒன்பது. உனக்கு அந்தப் பெரியதில்தான் கண் என்று கேள்வியைப் படித்தவுடனே தெரிந்துவிட்டது. மானுக்கு எதற்கு இருபத்து நாலு மடங்கு? நாலு நாளாகக் கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் அந்த ஊர்க்காரர்கள் பேசுகிற வீடியோக்களைப் பார்த்தேன். பாதி இங்கிலீஷ் புரியவில்லை, லென்ஸ் பற்றிச் சொன்னது புரிந்தது. புதருக்குள் நிற்கிற மானுக்கு ஒருவர்கூட அத்தனை மடங்கைச் சொல்லவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கழுத்தைச் சாய்த்துச் சுடுவது உனக்குச் சரிப்பட்டு வரவில்லை. பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அதனால் எல்லாரையும் போல வலது தோளில் வைத்து, வலது கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும், மங்கலாகத் தெரிவதைப் பவர் கூட்டிப் பெரிதாக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. இதுதானே உன் கணக்கு? பெற்றவளிடம் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாள் என்று தெரிந்தும் கேட்டிருக்கிறாய் பார், அதற்காகவே உன்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு அப்புறம் கொஞ்ச வேண்டும் போலிருக்கிறது.

உனக்கு எட்டு வயது இருக்கும். பொங்கல் லீவுக்கு முதுகுளத்தூர் பக்கம் என் பிறந்த ஊருக்குப் போயிருந்தோம். உன் மாமனின் மிளகாய்க்காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். கருவேலங்காட்டுக்குள்ளிருந்து மான்கள் வந்து கொழுந்தைக் கடித்துவிட்டுப் போகும். அடிக்கக் கூடாது, அடித்தால் கேஸ். மாமன் எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு வரப்பில் நிற்பார். அவை கொஞ்சம் தள்ளிப்போய் நின்று அவரையே பார்க்கும். "என்னமோ நான் மேளம் வாசிக்க வந்த மாதிரி பாக்குதுக" என்று அவர் அலுத்துக்கொள்வார். உனக்கோ அது திருவிழா. சைக்கிள் டியூபை அறுத்து, கவட்டைக் குச்சியில் கட்டி நீயே ஒரு உண்டிவில் செய்து வைத்திருந்தாய். ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தால்தான் குறி தப்பாது என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் இடது கண்ணை மூடினார்கள். நீயும் இடது கண்ணை மூடினாய்.

அன்றைக்கு உன் அப்பா முதுகுளத்தூருக்கு பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்து, டூட்டி முடிந்து, சட்டையைக்கூட மாற்றாமல் நேரே காட்டுக்கு வந்துவிட்டார். அவருக்கு மிதுக்கங்காய் வற்றல் என்றால் உயிர். வேலியோரம் படர்ந்து கிடந்த கொடியைப் பார்த்ததும் அங்கேயே குத்தவைத்துப் பறிக்க ஆரம்பித்துவிட்டார். டிரைவர் காக்கி, பழுப்புப் புதர், குனிந்த முதுகு. நீ கிசுகிசுவென்று, "மாமா, மான்!" என்றாய். "எங்கனடா?" என்று உன் மாமன் திரும்புவதற்குள் கல் போய்விட்டது. புதருக்குள்ளிருந்து, "ஏலே, எவன்லே அது!" என்று மான் எழுந்து நின்றது. உன் அப்பா நெற்றியில் கையை வைத்தபடி நின்றார். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. புருவத்து எலும்பில் பட்டதால் தப்பித்தார். அரை விரற்கடை கீழே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கண்ணாடிக்கடைக்காரியான எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதுகுளத்தூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர், "என்னண்ணே நெத்தில?" என்று கேட்டதற்கு உன் அப்பா, "மான் முட்டிருச்சுப்பா" என்றார். இன்றுவரை கேட்கிறவர்களுக்கெல்லாம் அதே பதில்தான். உன்னை ஒருவரிடமும் காட்டிக்கொடுத்ததில்லை.

எல்லாரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாயந்திரம் நீ என் மடியில் வந்து படுத்துக்கொண்டு அழுதாய். "நெசமாவே மான் மாதிரிதாம்மா தெரிஞ்சுச்சு" என்றாய். "காக்கிச்சட்டையும் தொப்பையும் தெரியலையாடா உனக்கு?" என்று கேட்டேன். அதற்கு நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒத்தக் கண்ணால பாத்தா எல்லாமே கலங்கலாத்தானம்மா தெரியும்? எல்லாருக்கும் அப்படித்தானே?" என்றாய். உலகத்தில் எல்லாருடைய வலது கண்ணும் உன்னுடையது மாதிரிதான் என்று எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

மறுநாளே ஊருக்குத் திரும்பிக் கடையைத் திறந்து, உன்னை நாற்காலியில் உட்காரவைத்து, இடது கண்ணை மூடி, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னேன். நீ கடகடவென்று படித்தாய். பெரிய எழுத்து, அடுத்த வரி, அதற்கடுத்த வரி, கடைசிப் பொடி எழுத்து வரைக்கும் ஒரு பிழை இல்லை. அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். நீ நிறுத்தவில்லை. அட்டையின் அடியோரத்தில் அதை அச்சடித்த பிரஸ்ஸின் பெயரையும் ஊரையும் சேர்த்துப் படித்தாய். அந்த எழுத்து, நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கே தெரியாது. யாருக்குமே தெரியாது. தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து நீ அந்த அட்டைக்குக் கீழேதான் வளர்ந்தாய். உனக்கு ஆனா ஆவன்னா தெரிவதற்கு முன்பே அந்த அட்டை மனப்பாடம். பள்ளிக்கூடத்துக்குக் கண் சோதனைக்கு ஆட்கள் வந்தபோது நான்தான் என் கடை அட்டையைக் கொடுத்து அனுப்பினேன். அதிலும் நீ முதல் ஆளாகத் தேறினாய். பீரோவிலிருந்து எண் போட்ட வேறொரு அட்டையை எடுத்து மாட்டினேன். முதல் எண்ணைப் பார்த்தாய். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அம்மா, எனக்குத் தெரிஞ்ச அட்டையை மாட்டுங்க" என்றாய்.

கண்ணாடிக்கடைக்காரி மகனுக்கே இப்படியா என்று தெருவில் ரெண்டு பேர் ஜாடை பேசினார்கள். பேசட்டும். பிறந்ததிலிருந்து இடது கண் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டது, நீயும் கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்துவிட்டாய். அதற்கு யார் மேல் பழி போட? மதுரையில் நான் படித்த கண் ஆஸ்பத்திரிக்கே உன்னைக் கூட்டிப்போனேன். கண்ணில் கோளாறு இல்லை, அந்தக் கண் சொல்வதை மூளை காதில் வாங்காமலே பழகிவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம், இருந்தாலும் முயற்சி செய்யுங்கள் என்றார்கள். நல்ல கண்ணை மூடி, மங்கல் கண்ணை வேலை வாங்க வேண்டும். உன் இடது கண்ணில் துணி ஒட்டிக்கொண்டு நீ திரிந்த காலம் நினைவிருக்கிறதா? வீட்டில் மிளகாய் வற்றலைக் கொட்டி, வெளுத்ததைத் தனியாகப் பொறுக்கச் சொல்வேன். தும்மித் தும்மி, கண்ணில் கையை வைத்துவிட்டு வீட்டையே ரெண்டாக்குவாய். கடைசியில் அந்த மிளகாய் வைத்தியத்தை நிறுத்தினேன். அது ஒரு கூறுகெட்ட யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பதிலாக உன் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உன்னை டிவிஎஸ்ஸில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு புதுமடம் கடற்கரைக்குப் போய்விடுவார். இடது கண்ணில் துணியோடு கரையில் உட்கார்ந்து, தூரத்தில் வருகிற வள்ளம் என்ன நிறம் என்று நீ சொல்ல வேண்டும். அங்கே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "தம்பி, என் வள்ளம் வருதான்னு பாத்துச் சொல்லுலே, உனக்கு நண்டு தாரேன்" என்பாராம். நீயும், "அந்தா வருது, நீலம்!" என்பாயாம். சரியாக இருக்குமாம். வாரா வாரம் நண்டோடு வந்தீர்கள். கண் திருந்திவிட்டது என்று நான் ராமேஸ்வரத்துக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டதைக்கூடச் செலுத்திவிட்டு வந்தேன். ஒரு நாள் உன் அப்பா தனியாகச் சொன்னார். "உம் மகன் கண்ணால பாக்கலடி. காதால பாக்குறான். ஒவ்வொரு வள்ளத்துக்கும் இஞ்சின் சத்தம் வேற வேற. அதை வச்சுச் சொல்லிப்புடுறான்." நான் கோபப்பட்டேன். அவர் கோபப்படவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பாய் விரித்து வருகிற வள்ளங்களை மட்டும்தான் கேட்டார். நண்டு குறைந்தது. கண் கொஞ்சம் திறந்தது. அட்டையில் மூணு வரி கூடுதலாகப் படித்தாய், உனக்குத் தெரியாத அட்டையில். அவ்வளவுதான் கிடைத்தது. அந்த மூணு வரிக்கு நான் பட்ட சந்தோஷம் எனக்குத்தான் தெரியும். இப்போதும் யாராவது நண்டு கொண்டுவந்தால் உன் அப்பா, "நீலமா, பச்சையா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் கப்பல். பாம்பன் பாலத்து மேல் நின்று கீழே கப்பல் போவதைப் பார்த்துப் பார்த்து, கப்பலில்தான் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பதினேழு வயதில் சென்னைக்கு மெடிக்கலுக்கு, கப்பல் வேலைக்கான உடல் சோதனைக்குப் போனாய். அங்கே என்ன நடந்தது என்று நீ இன்றுவரை சொன்னதில்லை. திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இனிமே கண்ணைப் பத்தி இந்த வீட்டுல யாரும் பேசாதீங்க" என்றாய். நாங்கள் பேசவில்லை. பதினேழு வயதுப் பிள்ளை கேட்டான், கொடுத்தோம். அதை நினைத்து மாரடிக்க நான் தயாரில்லை. ஆனால் நீ பேசாமல் இருந்து இருந்தே அமெரிக்கா வரைக்கும் போய்விட்டாய். வேலையில் பேசவில்லை, சிநேகிதர்களிடம் பேசவில்லை, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் பேசவில்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும்வரை அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது கையில் இருப்பது சைக்கிள் டியூப் இல்லை தம்பி. எனக்குப் பயமாக இருக்கிறது. நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், ரொம்பப் பயமாக இருக்கிறது.

சரி, உன் ஸ்கோப்புக்கு வருகிறேன். பவர் கூட்டினால் மங்கல் தெளியாது. மங்கல்தான் பெரிதாகத் தெரியும். அந்தக் கண்ணுக்கு என்னிடம் இருக்கிற எந்த லென்ஸும் போதாது என்று தெரிந்துதான் நான் உன்னைக் கடற்கரைக்கு அனுப்பினேன். பவர் கூடக் கூட, பார்க்கிற இடம் சுருங்கிக்கொண்டே போகும். இருபத்து நாலு மடங்கில் மானின் காது மட்டும் தெரியும், அதற்கு நாலடி தள்ளி நிற்கிற ஆள் தெரிய மாட்டார். கை கொஞ்சம் நடுங்கினாலும் எல்லாம் குதிக்கும். இன்னொன்று வெளிச்சம். மான் விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும்தான் வெளியே வரும், எந்த ஊர் மானும் அப்படித்தான். ஸ்கோப்பைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் கண் பக்கத்து லென்ஸில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். முன்பக்க லென்ஸின் அகலத்தைப் பவரால் வகுத்தால் அந்த வட்டத்தின் அளவு வந்துவிடும். பவர் ஏற ஏற வட்டம் கடுகு போல ஆகிவிடும், மங்கிய வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. அதனால் மூன்றிலிருந்து ஒன்பது வாங்கு. முன் லென்ஸ் நாற்பது மில்லி போதும். நடக்கும்போது மூன்றிலேயே விட்டு வை. லென்ஸுக்கு எல்லாப் பரப்பிலும் கோட்டிங் இருக்கிறதா என்று கேள். மினுக்குகிற மற்ற எந்தச் சங்கதியும் உனக்கு வேண்டாம்.

கடைக்காரன் சொல்ல மறக்கிற ஒன்றை நான் சொல்கிறேன். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி விட்டும் முழுப் படமும் தெரிகிறதா என்று பார்த்து வாங்கு. துப்பாக்கி வெடித்ததும் பின்னால் உதைக்கும். கண்ணை ஒட்டி வைத்திருந்தால் ஸ்கோப்பின் விளிம்பு வந்து புருவத்தில் அரைவட்டமாக வெட்டிவிடும். வேட்டைக்காரர்கள் பாதிப் பேருக்கு அந்தத் தழும்பு உண்டாம். நம் வீட்டில் ஒரு புருவத் தழும்பு போதும். உன்னிடம் இருப்பது ஒன்றரைக் கண். அந்த ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டாமா? உன் இடது கண்ணின் பவர் என்னிடம் இருக்கிறது. உடையாத பாலிகார்பனேட் லென்ஸில் கண்ணாடி செய்து நாளைக்கே அனுப்புகிறேன். துப்பாக்கியைத் தொடும்போதெல்லாம் அது உன் முகத்தில் இருக்க வேண்டும். ஸ்கோப்புக்கு முன்னால் ஒரு நல்ல பைனாகுலர் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள். புதரில் ஏதோ அசைகிறது, என்னவென்று பார்க்க வேண்டும் என்றால் அதை எடு. என்னவென்று பார்ப்பதற்காகத் துப்பாக்கியைத் தூக்காதே. அன்றைக்குப் புதரில் அசைந்ததும் உன் அப்பாதான்.

கடைசியாக, துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்று. இடது கையால் சோறு பிசைகிற மாதிரி முதலில் ஒரு கோணலாகத்தான் இருக்கும், பழகிவிடும். இடது கைக்காரர்களுக்கென்றே செய்த துப்பாக்கி இருக்கிறதாம், வீடியோவில் பார்த்தேன். ஆனால் உன் வருங்கால மாமனாரின் துப்பாக்கியை இடது தோளில் வைத்தால் அவர் ஏன் என்று கேட்பார். அங்கேதான் நீ மாட்டிக்கொள்கிறாய். அதற்குப் பயந்துதான் கழுத்தைச் சாய்க்கிறாய், அதற்குப் பயந்துதான் இருபத்து நாலு மடங்கு கேட்கிறாய். கேட்டால் கேட்கட்டுமே! உன்னைக் காட்டுக்குக் கூப்பிட்ட மனிதர் உன் கண்ணைச் சோதிக்கக் கூப்பிடவில்லை. இது மெடிக்கல் இல்லை தம்பி. பெண்ணைக் கொடுக்கிற வீடு.

நீ சொல்லாவிட்டாலும் விஷயம் வெளியே வரத்தான் போகிறது. தை மாதம் கல்யாணத்துக்கு அவர்கள் எல்லாரும் இங்கே வருவார்கள். சாப்பிட்டுவிட்டுச் சம்பந்திகள் இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள், உன் அப்பாவின் புருவத்தைப் பார்த்து எமிலியின் அப்பா என்ன இது என்று கேட்பார். வேட்டைக்காரர் கண்ணுக்குத் தழும்பு தப்பாது. உன் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "மான் முட்டிருச்சு" என்பார். அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியவன் நீ. எந்த ஊர் மான், எப்படி முட்டியது, எவ்வளவு பெரிய கொம்பு என்று அவர் தோண்டித் துருவுவார். அப்போது நீ முழிக்கப் போகிற முழியை நினைத்தால் எனக்கு இப்போதே சிரிப்பு வருகிறது. அதைவிட, காட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே அந்தக் கதையை நீ அவருக்குச் சொல்லிவிடு. உண்டிவில்லிலிருந்து ஆரம்பி. காக்கிச் சட்டையைச் சொல், மிதுக்கங்காயைச் சொல். சிரித்து முடிக்கட்டும். அப்புறம் கண்ணைச் சொல். சிரித்த மனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உன் அப்பா இதையெல்லாம் படித்துவிட்டு, "ஏண்டி இம்புட்டு எழுதுற? அவன் சொல்லிருவான்" என்கிறார். அவர் உன்னை எப்போதுமே அப்படித்தான் நம்பினார். எனக்கு அட்டையை மாற்றிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும், என் தொழில் அப்படி. அதனால் ஒன்று செய். சொன்னேன், சொல்லவில்லை, அவர் இப்படிச் சொன்னார், அப்படிச் சொன்னார் என்று எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம். காட்டுக்குப் போகிற அன்று காலையில் அவரோடு நின்று, துப்பாக்கியை இடது தோளில் வைத்து, இன்னொரு படம் எடுத்து அனுப்பு. ஸ்கோப் என்ன கம்பெனி என்று நான் பார்க்க மாட்டேன். உன் முகத்தையும் பார்க்க மாட்டேன். கழுத்து நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

அம்மா